சிவப்புத் தாங்கியும் கனகராயன்குளத்துக் கிணறும்

வன்னியில் எங்கள் ஊரான கனகராயன்குளத்தில் கிணறு வெட்டுவது யாழ்ப்பாணத்தில் வெட்டுவது போன்றதல்ல. அங்கே அடியில் சுண்ணாம்புக்கல். அதன் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தண்ணீர் பரவிக் கிடக்கும். எங்கள் பக்கம் மேலே மண், கீழே கிறவல், அதற்கும் கீழே உக்கிய பாறை, பிறகு உளியை முறிக்கிற கருங்கல். தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அந்த உக்கிய பாறையின் இடுக்கில்தான். ஆகவே ஊற்று மெல்லத்தான் ஊறும். மார்கழியில் குனிந்து அள்ளலாம்போல நிற்கிற கிணறு, ஆவணி புரட்டாதியில் அடிக்கல்லைக் காட்டும். ஊரில் குளம் இருக்கிறது. இரணைமடுவுக்கு நீர் கொண்டுபோய், அதையும் தாண்டிச் சுண்டிக்குளம் கடலேரியில் சேருகிற கனகராயன் ஆறும் இந்தப் பக்கத்தால்தான் வடக்கே ஓடுகிறது. அவை வயலுக்கு. குடிக்க, சமைக்க, குளிக்க, உடுப்புத் தோய்க்க எல்லாவற்றுக்கும் வளவுக் கிணறுதான்.

இப்போது வெளிநாட்டுக் காசில் எழும்புகிற வீடுகளில் கிணற்று மோட்டரோடு சிவப்பிலோ நீலத்திலோ ஓர் இரும்பு உருளையும் வந்து சேர்கிறது. பிறஷர் ராங்க் என்கிறார்கள். அது தண்ணீர் சேமிக்கிற தாங்கி என்று நினைத்து வாங்குகிறவர்களே அதிகம். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. அதனோடு பழகி அறிந்ததை எழுதிவைக்கவேண்டும் என்று பல நாளாக மனதில் கிடந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக் கிணற்றில் கப்பியும் வாளியும், தோட்டக் கிணற்றில் மண்ணெண்ணெய் மெசினும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு; பெற்றோல் காண்பது அதைவிட அரிது. மெசினைப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஐயா ஒரு சின்னக் குப்பியில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார். கயிறு சுற்றி இழுக்கும்போது சில துளிதான் விடுவார். அந்தத் துளியில் மெசின் பிடிக்காவிட்டால் அன்றைக்கு மிளகாய்க்குத் தண்ணீர் இல்லை.

கோடையில் இன்னொரு சிக்கல். நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போனால் மேலே வைத்த மெசின் தண்ணீர் எடுக்காது. மெசினுக்குப் பெலன் காணாது என்று ஊரில் சொல்வார்கள். எத்தனை குதிரைவலு பூட்டினாலும் எடுக்காது என்பது பௌதிகம் படித்தபோதுதான் விளங்கியது. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. பைப்புக்குள் இருக்கிற காற்றை வெளியேற்றுகிறது. கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரைப் பைப்புக்குள்ளால் மேலே தள்ளிவிடுகிறது. வளிமண்டலம் அப்படித் தாங்கக்கூடிய நீர்நிரல் ஏறக்குறைய 34 அடி. 1643இல் இத்தாலியில் தொரிசெல்லி இரசத்தை வைத்து இதை விளங்கப்படுத்தினார். பைப்பின் உராய்வு, அதன் அடிமுனையில் இருக்கிற புட்வால்வின் தடை, பம்பின் தேய்மானம் எல்லாம் கழித்தால் கைக்கு வருவது 25 அடி.

அதனால் கோடையில் சிலர் கிணற்றுக்குள் பாலைமரச் சட்டம் போட்டு மெசினைக் கீழே இறக்குவார்கள். ஐயா அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை. மெசின் கக்கும் புகை கிணற்றுக்குள்ளேயே தேங்கும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மெசினை நிற்பாட்ட இறங்கியவரும் அவரைத் தூக்கப்போனவரும் சேர்ந்தே செத்த சம்பவங்கள் இந்த நாட்டில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. “பயிர் காய்ஞ்சா அடுத்த போகம் வைக்கலாம்” என்பார் ஐயா. அப்படி ஒரு வருடம் பயிர் காய்ந்தது.

1997 மே மாதம் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கி ஏ9 வீதியால் படை நகர்ந்தபோது ஊர் எழும்பி இடம்பெயர்ந்தது. 1999 நவம்பரில் படை பின்வாங்கியபிறகு திரும்பினோம். 2002இல் பாதை திறந்தது. 2008இன் கடைசியில் மறுபடியும் எழும்பினோம். அதன்பிறகு நடந்தவற்றுக்கு இந்தக் கட்டுரை இடமல்ல. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அம்மா தண்ணீருக்கு நின்றதை மட்டும் சொல்லவேண்டும். பவுசர் வந்து கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியை நிரப்பும்; அதற்கு முன்னால் வாளியும் கானும் வரிசையாக நிற்கும். பிறந்ததிலிருந்து சொந்தக் கிணத்தடியில் தோய்ந்து வளர்ந்த மனுசி, ஒரு கான் தண்ணீரில் முகமும் கழுவி, உடுப்பும் அலம்பி, மிச்சத்தில் சமைத்தார். வீடு என்ன ஆனது என்று அம்மா கேட்டதாக எனக்கு நினைவில்லை. “கிணறு இருக்குமோ?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

2010இல் திரும்பி வந்தபோது கூரையும் கதவும் இல்லை. கிணறு இருந்தது. உள்ளே தகரமும் ரயரும் இடிந்த கட்டின் கல்லும் கிடந்தன. பல இடங்களில் தொண்டு நிறுவனங்கள் கிணறுகளை இறைத்து, சேறு வாரி, குளோரின் போட்டுக் கொடுத்தன. எங்கள் கிணற்றை அயலவர்கள் சேர்ந்து துப்புரவாக்கினோம். தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டே கிணற்றுக்குக் கட்டுக் கட்டினோம். வீட்டு அத்திவாரத்துக்கு முன்பே கப்பி தொங்கியது.

பிறகு கரண்ட் வந்தது. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் கயிறு இழுத்துக் கை காய்த்தவர்கள்தான் அறிவார்கள். அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்று வாங்கி, 20 அடிக் கொங்கிறீற் தூணில் 1000 லீற்றர் தாங்கி ஏற்றினோம். காலையில் சுவிற்சைப் போட்டால் தாங்கி நிரம்பும். நாள் முழுக்கப் பைப்பில் தண்ணீர் வரும். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது என்பது அன்றும் இன்றும் என் எண்ணம்.

அதற்கு ஒரு குறை உண்டு. தண்ணீர் தன் பாரத்தாலேதான் இறங்கி வருகிறது. ஏறக்குறைய இரண்டேகால் அடி உயரத்துக்கு, சதுர அங்குலத்துக்கு ஒரு றாத்தல் அழுத்தம். ஷவர் தலைக்குமேலே இருப்பதால், 20 அடித் தூணில் நிற்கிற தாங்கியிலிருந்து அதற்குக் கிடைப்பது ஆறு ஏழு றாத்தல்தான். வாளி நிரம்பும். சுடுதண்ணீர் ஹீற்றருக்கு அது போதாது. ஓட்டம் குறைந்தால் பல ஹீற்றர்கள் வேலையே தொடங்கமாட்டா. அம்மாவுக்கு முழங்கால் வாதம் கூடி, கிணத்தடிக்குப் போகமுடியாமல், அறைக்குள் கதிரையில் இருத்திக் குளிக்கவார்க்கவேண்டிய நிலை வந்தது. மார்கழிக் குளிரில் ஷவர் சொட்டச் சொட்ட அவர் நடுங்கிக்கொண்டு இருப்பார்.

அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து அத்தான் வந்தார். ஒன்ராறியோவில் நகரத்துக்கு வெளியே, கிணற்றுத் தண்ணீரில் சீவிக்கிற ஓரிடத்தில் அவர்களின் வீடு. அங்கே கூரைக்குமேல் தாங்கி வைக்கமுடியாது. பனிக்காலத்தில் உறைந்து வெடித்துவிடும். துளைக்கிணற்றுக்குள் மோட்டர், உறைபனி எட்டாத ஆழத்தில் பைப், வீட்டின் நிலக்கீழ் அறையில் பிறஷர் ராங்க். “மாமி ஏன் இப்படிக் கஷ்டப்படவேணும் தம்பி? நான் பூட்டித்தாறன்” என்றார். வவுனியாவில் 24 லீற்றர் சிவப்புத் தாங்கி ஒன்று வாங்கி, கிணற்று மோட்டரோடு பூட்டினார். அன்று அம்மா சுடுதண்ணீரில் தோய்ந்துவிட்டு, தலை துவட்டியபடி, “இப்பதான் உடம்பு என்ர உடம்பாயிருக்கு” என்றார். அந்த வார்த்தைக்காக அத்தானுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அந்தத் தாங்கிக்குள் நடப்பது இதுதான். தண்ணீரை அமுக்கினால் அது கொஞ்சமும் சுருங்காது என்றே சொல்லலாம். ஆகவே மோட்டர் நின்றபிறகு பைப்பில் இருக்கிற அழுத்தம், ஒரு கரண்டி தண்ணீர் வெளியேறியதுமே விழுந்துவிடும். மோட்டர் உடனே மறுபடி ஓடவேண்டும். ஒரு வாய் கொப்பளிக்க ஒரு தரம், கை கழுவ ஒரு தரம். மோட்டர் ஓடத்தொடங்கும் கணத்தில் வழமையாக எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் எடுக்கும், சுற்றுக்கம்பி சூடேறும். இப்படி விட்டுவிட்டு ஓடினால் சீக்கிரம் எரிந்துபோகும். காற்று அப்படியல்ல, அமுக்கினால் சுருங்கும், விட்டால் விரியும். அழுத்தம் இரண்டு மடங்கானால் கனவளவு பாதியாகும் என்று போயில் 1662இல் வெளியிட்ட விதியைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்போம். அந்த விதிதான் குளியலறைப் பக்கத்தில் வேலை செய்கிறது. இரும்பு உருளைக்குள் பந்துக்குள் இருப்பதுபோல ஒரு றப்பர்ப் பிளாடர். அதற்குள் தண்ணீர், வெளியே சுற்றிவர அடைத்த காற்று. மோட்டர் தண்ணீரைத் தள்ளத் தள்ளப் பிளாடர் புடைத்துக் காற்றை நெருக்கும். குறித்த அழுத்தம் வந்ததும் சுவிற்ச் மோட்டரை நிற்பாட்டும். பைப்பைத் திறந்தால் நெருங்கியிருந்த காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். மோட்டர் ஓடத் தேவையில்லை. அழுத்தம் கீழ் எல்லைக்கு விழுந்தபிறகுதான் சுவிற்ச் மறுபடி மோட்டரைக் கூப்பிடும்.

எங்களுடையது 20 றாத்தலில் ஓடத்தொடங்கி 40 றாத்தலில் நிற்கிற சுவிற்ச். மூடியைக் கழற்றினால் பெரியதும் சின்னதுமாக இரண்டு சுருள்வில். பெரிய வில்லின் நட்டைத் திருகினால் இரண்டு எல்லையும் சேர்ந்து ஏறி இறங்கும். சின்னதைத் திருகினால் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் மாறும். பக்கத்தில் கரண்ட் பாய்கிற முனைகள். வன்னியில் அந்த மூடியை இறுக்கி மூடவேண்டும். சிற்றெறும்பு உள்ளே புகுந்து முனைகளுக்கு நடுவே நசிபட்டு, கருகி, ஒட்டிக்கொள்ளும். மோட்டர் பழுது என்று கழற்றிக்கொண்டுபோன எத்தனையோ வீடுகளில் கோளாறு ஓர் எறும்புதான்.

இனி, 24 லீற்றர் என்று எழுதியிருக்கிற தாங்கி எவ்வளவு தண்ணீர் தரும்? காற்றைச் சரியாக அடைத்து, 40இலிருந்து 20க்கு இறங்கும்வரை கணக்குப் பார்த்தால் எட்டு லீற்றருக்குச் சற்று மேல். ஒரு வாளிகூட இல்லை. மிச்ச இடம் காற்றுக்கும், வெளியே வராமல் நிற்கும் தண்ணீருக்கும். இந்தத் தாங்கி சேமித்துவைப்பது அழுத்தத்தை. தண்ணீரைச் சேமிக்க வேறு தாங்கி வேண்டும். மோட்டர் ஒருமுறை ஓடத்தொடங்கினால் ஒரு நிமிடமாவது ஓடவேண்டும் என்பது இதில் பழகியவர்கள் சொல்கிற கணக்கு. அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 25 லீற்றர் தள்ளுகிற மோட்டருக்கு 24 லீற்றர்த் தாங்கி காணாது. எழுபது எண்பது லீற்றர் வேண்டும். கடையில் இதைச் சொல்லித் தருவது குறைவு.

சில மாதம் கழிந்தது. ஒருநாள் அம்மா குளித்துக்கொண்டிருக்கும்போது சுவிற்ச் டக் டக்கென்று விடாமல் அடித்தது. மோட்டர் ஓடும், நிற்கும், ஓடும். ஷவரில் தண்ணீர் பாய்ந்தும் தளர்ந்தும் விழுந்தது. தாங்கியின் தலையில் இருக்கிற மூடியைத் திருகினால் உள்ளே மோட்டச் சைக்கிள் ரயரில் இருக்கிற அதே வால்வு. அதன் ஊசியை நகத்தால் அமுக்கினேன். காற்று மெல்லச் சீறியது, தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வந்திருந்தால் பிளாடர் கிழிந்தது என்று பொருள், மாற்றத்தான் வேண்டும். வந்தது காற்று மட்டும் என்பதால் பிளாடர் பிழைத்திருந்தது; காற்றுத்தான் இறங்கியிருந்தது.

காற்றை அளக்க ஒரு முறை இருக்கிறது. மோட்டரின் கரண்டை நிற்பாட்டி, பைப்பைத் திறந்து, தாங்கியிலிருக்கிற தண்ணீரை முற்றாக வடியவிடவேண்டும். தண்ணீர் இருக்கும்போது அளந்தால் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தை. அடைத்த காற்று எவ்வளவு என்பது தெரியாது. வடியவிட்டு, கழற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏ9 ஓரத்து ரயர்க் கடைக்குப் போனேன். கடைத் தம்பி கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, “அஞ்சு றாத்தல்கூட இல்லை அண்ணை. எவ்வளவு அடிக்க?” என்றான்.

“பதினெட்டு.”

“ரயருக்கு முப்பது அடிக்கிறனாங்கள். இதுக்குக் கூடவா போடவேணும் எல்லோ?”

கூடப் போட்டால் வரும் வில்லங்கத்தைச் சொன்னேன். மோட்டர் ஓடத்தொடங்குகிற எல்லையைவிட இரண்டு றாத்தல் குறைவாகக் காற்று இருக்கவேண்டும். 20க்கு 18. அதற்கு மேலே போனால், சுவிற்ச் மோட்டரைக் கூப்பிட முன்பே பிளாடர் வெறுமையாகிவிடும். நடுக் குளிப்பில் தண்ணீர் ஒருகணம் அறுந்துபோகும். குறைந்தால் பிளாடர் அளவுக்கு மீறிப் புடைத்துக் கிழியும், மோட்டரும் அடிக்கடி ஓடும். தம்பி 18 அடித்து, வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. மூடியை இறுக்கித் தந்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். வீட்டில் பூட்டியதும் சுவிற்சின் சத்தம் சரியாக அடங்கியது.

அடுத்த கோளாறு இரவில் வந்தது. யாரும் பைப்பைத் திறக்காதபோது மோட்டர் தானாக ஓடி நின்றது. எங்கும் ஒழுக்கு இல்லை. இப்படியானால் பார்க்கவேண்டிய இடம் கிணற்றுக்குள் இருக்கிற புட்வால்வ். தண்ணீர் மேலே வர விட்டு, கீழே இறங்க விடாத அந்த ஒருவழிக் கதவில் ஒரு மணற்கல் சிக்கினாலும் போதும். தாங்கியில் அடைத்த அழுத்தம் மெல்ல மெல்லக் கிணற்றுக்கே வடியும். பைப்பைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு கிறவல் துணிக்கை. கழுவிப் போட்டதும் சரி.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது புரட்டாதி மாதம். பிறஷர் சுவிற்சுக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது தெரியாது. நீர்மட்டம் புட்வால்வுக்குக் கீழே போனால் மோட்டர் வெறுமனே சுற்றும்; 40 றாத்தல் ஒருநாளும் வராது; சுவிற்ச் நிற்பாட்டாது. பம்புக்குள் மிஞ்சிய தண்ணீர் கொதித்து, சீல் உருகி, மோட்டர் எரியும். மேல்தாங்கி இருந்த காலத்தில் அம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுவிற்சைப் போடச் சொல்வார். ஊற்று மெல்ல ஊறுகிற எங்கள் மண்ணில் அந்த எட்டிப்பார்ப்பைத் தூக்கி இயந்திரத்திடம் கொடுப்பது ஆபத்து. ஒன்ராறியோவின் ஆழத் துளைக்கிணறு வேறு, ஆவணியில் அடிக்கல் தெரிகிற கனகராயன்குளத்துக் கிணறு வேறு.

பிறகு 2022 வந்தது. மார்ச் இறுதியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்டை நிறுத்தினார்கள். பிறஷர் ராங்க் மட்டும் வைத்திருந்த வீடுகளில் எட்டு லீற்றர் முடிந்ததும் பைப் வறண்டது. சிலர் கிணற்றைக் கொங்கிறீற் போட்டு முழுக்க மூடியும்விட்டிருந்தார்கள். வாளி விட வழியில்லை. அவர்கள் எங்கள் கிணத்தடிக்கு வந்தார்கள். கப்பி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்த அந்த நாட்களில் அம்மா விறாந்தையில் இருந்து வருகிறவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்.

அத்தானுடன் தொலைபேசியில் கதைத்து, எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டினோம். கிணற்று மோட்டர் பழையபடி மேல்தாங்கிக்கு மட்டும் தண்ணீர் ஏற்றும். கிணற்றைப் பார்த்துத்தான் சுவிற்ச். தாங்கித் தூணின் அடியில் இன்னொரு சின்னப் பம்ப், அதனோடு சிவப்புத் தாங்கி, அதிலிருந்து அம்மாவின் குளியலறைக்கு மட்டும் ஒரு பைப். இந்தப் பம்ப் தண்ணீரைத் தேடி இழுக்கவேண்டியதில்லை. மேலிருந்து தானாக இறங்கி வருகிறது. புட்வால்வும் தேவையில்லை; அழுத்தம் மேல்தாங்கிக்குத் திரும்பி வடியாமல் பம்பின் வெளிவாயில் ஓர் ஒருவழி வால்வு போதும். பம்பைச் சுற்றி ஒரு பக்கப் பைப்பும் அதில் ஓர் ஒருவழி வால்வும் போட்டோம். கரண்ட் நின்றால் தண்ணீர் அந்தப் பைப்பால் தன் பாரத்திலேயே குளியலறைக்குப் போகும். ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் நிற்காது. செலவு அதிகமில்லை. வன்னி வீடுகளுக்கு நான் சொல்லக்கூடிய ஏற்பாடு இதுதான்.

வெளிநாட்டிலிருந்து தாய் தகப்பனுக்குப் பிறஷர் ராங்க் வாங்கிக்கொடுக்க நினைக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கொடுங்கள், முதிர்ந்த உடம்புக்கு அது பெரிய ஆறுதல். மேல்தாங்கியை மட்டும் இறக்கிவிடாதீர்கள். கிணற்றை மூடினாலும் ஒரு வாளி போகிற அளவுக்குக் கதவு விட்டு, கப்பியைத் தொங்கவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துக் காற்றைப் பாருங்கள். எத்தனை றாத்தல் இருக்கவேண்டும் என்பதைத் தாங்கியிலேயே பெயின்ரால் பெரிதாக எழுதிவையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் வருகிற பிளம்பருக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.